மூடிகளை எடுத்தது யார்?

கூடுவாஞ்சேரியில் ஒரு பாத்திரக் கடையிலிருந்து நான் எவர்சில்வர் மூடிகளை எடுத்துக்கொண்டு பில் போடாமல் வெளியே வந்தேன். பாத்திரம் ஒன்றுமில்லை, வெறும் மூடிகள். அளவில் ஒன்றோடு ஒன்று பொருந்தாத மூன்று மூடிகள். அவற்றை எடுத்தது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். யாரும் நம்பவில்லை. கேமராவில் பார்த்த பிறகு நானே என்னை நம்பவில்லை.

நான் இரும்புலியூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு ஊரப்பாக்கத்தில், ரயில் நிலையத்திலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். கணவர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். ஒரே மகள் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். இதுவரை யாரும் என்னைப் பற்றிச் சொன்ன மிகப் பெரிய குறை, அதிகம் பேசமாட்டேன் என்பதுதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நாத்தனார் புது வீட்டுக்குக் குடி போகிறார் என்று ஒரு பெரிய இட்லிப் பானை வாங்கப் போயிருந்தோம். கணவர் எதிர்ப்பக்கம் காருக்குக் காற்று பிடிக்க நின்றுவிட்டார். நான் மட்டும் கடைக்குள் போனேன். டம்ளர்கள் வரிசையாக அடுக்கியிருந்த ஷெல்ஃபின் முன்னால் நின்றது நினைவிருக்கிறது. வயிற்றிலிருந்து ஏதோ ஒன்று மேலே ஏறி வந்தது, ராட்டினம் கீழே இறங்கும்போது வருமே, அப்படி. நனைந்த தீக்குச்சி வாசனை போல ஒன்று. அவ்வளவுதான்.

அடுத்து எனக்குத் தெரிந்தது முகத்தில் அடித்த வெயில். ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் ஒரு ஜூஸ் கடை அருகே நின்றிருந்தேன். கடைச் சீருடை போட்ட ஒரு பெண் என் கையைப் பிடித்திருந்தாள்.

"அக்கா, பில் போட்டீங்களா?"

"என்ன பில்?"

"பையில கீற சாமானுக்கு."

பையைப் பார்த்தேன். என் துணிப்பைதான். உள்ளே மூடிகள் மின்னின. இதை யாரோ என் பையில் போட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. அந்தப் பெண்ணிடம் கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னேன், வகுப்பில் பேசுகிற குரலில்: "இது என்னுது இல்லம்மா."

"அதைத்தான் நானும் சொல்றேன் அக்கா," என்றாள் அவள்.

கடை முதலாளி என் வயதுக்காரர். அந்தப் பகுதியில் தலைமுறைகளாகப் பயிர் வைத்திருந்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகப் பிரிந்த பிறகு கடை வைத்தவர்கள். அவர் சத்தம் போடவில்லை. கல்லாவுக்குப் பின்னாலிருந்த சின்ன அறைக்குக் கூட்டிப் போய் நாற்காலி போட்டார்.

"பாக்கறதுக்குப் படிச்சவங்களா இருக்கீங்க. இன்னா மேடம் இது?"

"நான் எடுக்கல சார்."

"பின்ன யாரு எடுத்தது? பை உங்களுதுதானே?"

அதற்குள் கணவர் தேடிக்கொண்டு வந்துவிட்டார். மேசையிலிருந்த மூடிகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒரு நொடிகூட ஆகியிருக்காது. "சார், அவளுக்கு ரெண்டு நாளா உடம்பு சரியில்ல. ஏதோ ஞாபக மறதியில செஞ்சிட்டா. எவ்வளவுன்னு சொல்லுங்க, குடுத்துடறேன்," என்றார். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முந்தின நாள்கூட மொட்டை மாடியில் மிளகாய் காயவைத்தேன்.

"காசு பெருசில்ல சார். நீங்களே பாருங்க," என்று முதலாளி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

அந்தப் படத்தை நான் பிறகு எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் முதல் தடவை பார்த்தது வேறு. திரையில் பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். திடீரென்று அசையாமல் நிற்கிறாள். வாய் லேசாக எதையோ மெல்வது போல அசைகிறது. வலது கை புடவைத் தலைப்பைத் தேய்க்கிறது. பிறகு அந்தக் கை நீள்கிறது, ஒரு மூடியை எடுக்கிறது, பைக்குள் போடுகிறது. இன்னொன்று. இன்னொன்று. அவசரமே இல்லை. சுற்றிலும் பார்க்கவில்லை. திரும்பி நடக்கிறாள். நடைபாதையில் யாரோ ஒரு பிளாஸ்டிக் வாளியைக் குறுக்கே வைத்திருந்தார்கள். அவள் அதில் இடித்துக்கொள்ளவில்லை. அழகாகப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, வாளியைச் சுற்றிக்கொண்டு போகிறாள். வாசலில் செக்யூரிட்டி தலையசைக்கிறார். அவளும் தலையசைக்கிறாள்.

என் கன்னங்கள் எரிந்தன. நான் செய்ததாக எனக்கு நினைவே இல்லாத ஒன்றுக்காக அப்படி ஒரு வெட்கம். ஆனால் அந்த வெட்கத்துக்கு நடுவிலும் ஒன்று என்னைப் பிடித்து இழுத்தது. அந்த வாளியை நான் பார்க்கவே இல்லை. பிறகு யார் பார்த்தது?

முதலாளி எங்களைப் போகச் சொல்லிவிட்டார். மூடிகளைக் கையில் எடுத்து ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எதுவும் பொருந்தவில்லை. "மூடிய மட்டும் எடுத்துகினு போயி இன்னா சார் பண்ணுவாங்க?" என்று என் கணவரிடம் கேட்டார்.  அவருக்கு என்ன தோன்றியதோ, திரையில் ஓடியதைத் தன் போனில் பதிவு செய்துகொள்ள அனுமதி கேட்டார். அது மட்டும் நடக்காமல் போயிருந்தால் இந்தக் கதை ஒரு திருட்டுக் கதையாகவே முடிந்திருக்கும்.

கணவர் காரில் என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். வண்டலூர் பக்கம் திரும்பும் வண்டிகளுக்காக நின்றிருந்தபோதுதான் கேட்டார். "ஏன் இப்படிப் பண்ணின?"

"எனக்குத் தெரியலைங்க."

"உன் கைதான் எடுக்குது. உன் பையிலதான் போடற. தெரியலைன்னா எப்படி?"

அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் சொல்லாமல் மறைக்கத்தான் நினைத்தோம். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். போனை வாங்கிப் பார்த்தாள். பார்க்கும்போதே சிரித்தாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"அப்பா, இது அம்மாவுக்கு நெட்வொர்க் போறது. தெரியலையா உங்களுக்கு?"

அது எங்கள் வீட்டு வேடிக்கை. கொஞ்ச காலமாகவே நான் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு ஒரு பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பேனாம். கூப்பிட்டால் பதில் வராதாம். கொஞ்ச நேரம் கழித்து "என்ன கேட்ட?" என்பேனாம். "அம்மாவுக்கு டவர் கிடைக்கல" என்று அப்பாவும் மகளும் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டையும் பார்த்துக்கொள்ளும் பெண் எதையாவது யோசித்துக்கொண்டு நிற்பதில் யாருக்கு என்ன ஆச்சரியம்? நானுமே நான் எதையோ யோசித்துக்கொண்டு நின்றதாகத்தான் நம்பினேன். என்ன யோசித்தேன் என்று கேட்டால் ஒரு பதிலும் சொல்வேன். பாடத்திட்டம், காஸ் சிலிண்டர் என்று ஏதாவது. அந்தப் பதில்களை நான் பொய்யென்று நினைத்துச் சொல்லவில்லை.

மகள் மறுபடியும் படத்தை ஓடவிட்டாள். இந்த முறை சிரிக்கவில்லை. "ம்மா, வாயைப் பாரு. அப்பல்லாம் நீ இப்படித்தான் மெல்லுவ."

கணவர் சோபாவில் உட்கார்ந்துவிட்டார்.

தாம்பரத்தில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். என்னைவிட வயதில் சின்னவர், பேச்சில் அவசரமில்லாத பெண். தலையில் பசை தடவி ஒயர்களை ஒட்டி ஈஈஜி எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள். கட்டி எதுவும் இல்லை. போனில் இருந்த படத்தை அவர் இரண்டு முறை பார்த்தார். பிறகு காதுக்கு மேல் தன் தலையைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த இடத்துல ஒரு சின்ன மின்சாரக் கோளாறு. இதுவும் ஒரு வகை வலிப்புதான். கை கால் வெட்டி இழுத்தாத்தான் வலிப்புன்னு எல்லாரும் நினைக்கறாங்க. இது அப்படி வராது. உங்களோட கவனத்தையும் ஞாபகத்தையும் கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிடும். கை மட்டும் ஏதாவது செஞ்சுகிட்டு இருக்கும்."

எனக்குக் கேட்க வேண்டியது ஒன்றுதான் இருந்தது. "நான் அங்க இல்லைன்னா, அந்த வாளியைச் சுத்திப் போனது யாரு டாக்டர்?"

அவர் சிரித்துவிட்டார். ஆனால் கேலிச் சிரிப்பு இல்லை. "நல்ல கேள்வி. எந்நேரமும் உங்களை நடக்க வைக்கிறது எதுவோ, அதுதான். இப்ப ரூமுக்குள்ள வந்தீங்களே, வலது காலை முதல்ல வச்சீங்களா, இடது காலையா?"

தெரியவில்லை.

"யாருக்குமே தெரியாது. எல்லா நேரமும் அது வேலை செஞ்சுகிட்டேதான் இருக்கு. அன்னிக்கு மேல இருக்கிற நீங்க கொஞ்ச நேரம் விலகிட்டீங்க. அதனால அது தனியாக் கண்ணுல பட்டுடுச்சு."

"அப்ப மூடி எடுத்தது?"

"அதுக்கு நீங்க பொறுப்பில்ல. கடைக்காரர் கேட்டா நானே எழுதித் தர்றேன்." கொஞ்சம் நிறுத்தினார். "ஸ்கூட்டர் ஓட்டுவீங்களா?"

ஓட்டுவேன். பள்ளிக்கு வண்டியில்தான் போய் வருவேன்.

"இனிமே ஓட்டாதீங்க. இத்தனை நாள் உங்களுக்குத் தெரியாது. இனிமே வண்டிய எடுத்து ஏதாவது ஆச்சுன்னா, அது வலிப்பு இல்ல. அது நீங்கதான்."

வெளியே வந்து படிகளில் இறங்கும்போது அந்தப் பேச்சை மனதில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தது என் கை. பிடிக்க வேண்டும் என்று நான் நினைத்த ஞாபகம் இல்லை.

ஸ்கூட்டர் சாவியை மகளிடம் கொடுத்துவிட்டேன். ரயிலும் ஷேர் ஆட்டோவுமாகப் போக ஆரம்பித்தேன். அந்த நாட்களில் எனக்கு ஒரு புதுப் பழக்கம் வந்தது. என்னையே வேவு பார்ப்பது. சாம்பாருக்கு உப்பு போட்ட கையைப் பார்ப்பேன். அளவு பார்த்தது யார்? தாம்பரம் நடைமேம்பாலத்தில் எதிரே வரும் கூட்டத்தில் ஒருவர் மேலும் இடிக்காமல் போகிறேனே, அத்தனை பேருடைய வேகத்தையும் கணக்குப் போட்டது யார்? பார்க்க ஆரம்பித்தால் கால் தடுமாறியது. பார்க்காமல் விட்டால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வகுப்பில் வருஷக்கணக்காக நரம்பு மண்டலம் நடத்தியவள் நான். கரும்பலகையில் முகுளம், பெருமூளை என்று அம்புக்குறி போட்டு எழுதியிருக்கிறேன். அந்த அம்புக்குறி என் தலையைத்தான் காட்டுகிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

ஒரு நாள் பள்ளி வாசலில் நின்றபோது ஷேர் ஆட்டோவில் வந்தது எனக்குச் சுத்தமாக நினைவில் இல்லை. பயந்துபோய் மருத்துவரின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். அவரே எடுத்தார்.

"காலையில பல் தேய்ச்சது ஞாபகம் இருக்கா?"

யோசித்தேன். "தேய்ச்சிருப்பேன்."

"தேய்ச்சது ஞாபகம் இருக்கான்னு கேட்டேன்."

"இல்ல."

"எனக்கும் இல்ல. இது வலிப்பு இல்ல மேடம். இது எல்லாருக்கும் நடக்கறது. போய் கிளாஸ் எடுங்க."

மாத்திரை ஆரம்பித்த பிறகு நெட்வொர்க் போவது நின்றது. வீட்டில் நிம்மதி. ஆனால் அதற்குப் பதிலாக வேறொன்று வந்தது. கோபம்.

முதலில் அது கோபம் என்றே எனக்குத் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் திடீரென்று மோசமாக நடந்துகொள்வதாகத்தான் பட்டது. எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோவார். தொட்டி வழிந்து எங்கள் பால்கனியில் காயும் துணியெல்லாம் நனையும். பல வருஷமாக நனைகிறது. நானும் சொல்லாமல் எடுத்து மறுபடி உலர்த்துவேன். ஒரு நாள் லிஃப்டில் அவரைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தேன். "உங்களுக்கு வயசாச்சுன்னா பொறுப்பை விட்டுட்டுப் போங்க!" லிஃப்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாரும் அவரிடம் அப்படிப் பேசியிருக்க மாட்டார்கள்.  நான் நிமிர்ந்து வெளியே போனேன். நியாயமாகத்தானே கேட்டேன் என்று இருந்தது.

இதுதான் எனக்கு இன்றும் ஆச்சரியம். ஒவ்வொரு முறையும் காரணம் தயாராக இருந்தது. வயிற்றில் சூடு ஏறும். ஏறி முடிப்பதற்குள் அதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும். காரணமும் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். துணி நனைந்தது உண்மை. சக ஆசிரியை என் பிரம்பு நாற்காலியை எடுத்துப் போட்டுக்கொண்டது உண்மை. முன்பு டவர் போனபோது "என்ன யோசிச்ச?" என்று கேட்டால் சிலிண்டர் என்று சொன்னேனே, அதே வேலைதான் நடந்தது போலிருக்கிறது. நடந்ததற்கு ஒரு கதை உடனே வந்துவிடுகிறது. கதையைச் சொல்பவளுக்கே அது கதையென்று தெரிவதில்லை.

மறுமுறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது அவர் என்னைப் பார்த்து "எப்படி இருக்கீங்க?" என்றார்.

"நல்லா இருக்கா டாக்டர். அந்த மாதிரி நிக்கறதெல்லாம் இப்ப இல்ல. கொஞ்சம் கோபம் மட்டும்தான்..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"அவங்க என்னைக் கேக்கறாங்க!" என்று கத்தினேன். "கல்யாணமான நாள்லேருந்து என்னைக் கேட்டா நீங்கதான் பதில் சொல்றீங்க. என் வாய்க்கு என்ன? பாத்திரக் கடையிலயும் நீங்கதான் சொன்னீங்க, எனக்கு உடம்பு சரியில்லன்னு. எனக்கு என்னன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

 மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மென்மையாகச் சொன்னார். "இந்த மாத்திரை சில பேருக்கு இப்படிப் பண்ணும். முன்னாடியே சொல்லியிருக்கணும் நான். மாத்திடலாம்."

என் கணவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "அப்பாடா. மாத்திரைதானா!"

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அது எனக்கு வலித்தது. நான் கத்தியதற்காக வெட்கப்பட்டேன், அது வேறு. ஆனால் சொன்ன விஷயத்தையும் சேர்த்து அவர் மாத்திரைக் கணக்கில் எழுதிவிட்டார். வண்டியில் வரும்போது, "அதெல்லாம் நீ பேசல, மாத்திரை பேசிச்சு. நான் மனசுல வச்சுக்கல," என்றார். பெருந்தன்மையாகத்தான் சொன்னார்.

செயலாளர் வீட்டுக்கு மன்னிப்புக் கேட்கப் போனபோதும் இதுவே நடந்தது. கணவர் முன்கூட்டியே அவரிடம் சொல்லியிருந்தார்.

"மாத்திரைன்னு சார் சொன்னாரு. விடுங்க மேடம். இதுக்கெல்லாம் சாரி வேண்டாம்."

"இல்ல சார். லிஃப்ட்ல மத்தவங்க முன்னாடி உங்க வயசைச் சொன்னேன். அதுக்கு நான் சாரி சொல்லணும். சொல்றேன். ஆனா துணி நனையறது நெஜம் சார்."

அவர் என்னை விழித்துப் பார்த்தார். பிறகு, "ஓ, நனையுதா? யாருமே சொல்லலையே மேடம்," என்றார். அடுத்த வாரம், தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானே நிறுத்தும் மிதவை சுவிட்ச் போட்டார்கள்.

மாத்திரை மாறியது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சூடு இறங்கியது. வழக்கமான ஆளாகிவிட்டேன் என்று மகள் சொன்னாள். ஒரு சனிக்கிழமை காலை பால்கனியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது கணவரிடம் சொன்னேன். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். யாராவது என்னைக் கேள்வி கேட்டா நீங்க பதில் சொல்லாதீங்க. எனக்கு ரொம்ப நாளா கஷ்டமா இருக்கு."

அவர் கப்பைக் கீழே வைத்தார். "மாத்திரையைத்தான் மாத்தியாச்சே?"

"அதனாலதான் மெதுவாச் சொல்றேன்."

 கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. "நான் வேணும்னு பண்றதில்ல. உனக்குக் கூச்சம், திணறுவியேன்னு... எனக்கே தெரியாம வாய் முந்திடுது."

"தெரியும். எனக்கும் கை அப்படித்தான் போச்சு. ஆனா டாக்டர் சொன்னப்புறம் நான் வண்டிய எடுக்கறதில்லையே."

 அதன் பிறகு ஒரு கல்யாணத்தில் யாரோ என்னிடம் "எந்த ஸ்கூல்?" என்று கேட்டார்கள். இவர் வாயைத் திறந்தார். திறந்த வாயோடு அப்படியே நின்றார். பிறகு மூடிக்கொண்டார். சில நேரம் மறந்துவிடுகிறார். சில நேரம் ஞாபகம் வருகிறது. ஞாபகம் வரும்போது அவர் முகத்தில் தெரிகிற அந்தத் தடுமாற்றம் எனக்குப் பிடித்திருக்கிறது.

பாத்திரக் கடைக்குத் திரும்பப் போக எனக்குப் பல மாதங்கள் ஆனது. தனியாகத்தான் போனேன். முதலாளிக்கு என்னை உடனே அடையாளம் தெரிந்தது. மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"நெனச்சேன் அக்கா. மூடியப் பாத்தப்பவே ஏதோ சரியில்லன்னு பட்டுச்சு," என்றார். டீ வரவழைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். "ஒண்ணு கேக்கலாமா? தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் இங்க வேல செஞ்ச ஒருத்தன் மிக்ஸி ஒண்ண டப்பாவோட தூக்கினு பூட்டான். புடிச்சதும் ஒரே அழுவ. 'என்ன மீறி நடந்துபோச்சு அண்ணா, ஏன் பண்ணேன்னே தெரியல'ன்னான். வேலய வுட்டு அனுப்பிட்டேன். உங்கள வுட்டுட்டேன். அவன அனுப்பிட்டேன். நான் பண்ணது சரிங்களா?"

நான் டீயைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். "எடுக்கும்போது அவர் கேமராவைப் பார்த்தாரா?"

"பாத்தான். நல்லாவே பாத்தான். துணியப் போட்டு மூடிட்டுத்தான் எடுத்தான்."

"நான் பார்க்கல."

"அதான் அக்கா. அதுதான் வித்தியாசம்." அவருக்கு அது போதுமானதாக இருந்தது. நிம்மதியாகக் கல்லாவுக்குத் திரும்பினார்.

எனக்குத்தான் போதவில்லை. ரயிலில் திரும்பும்போது அந்த முகம் தெரியாத மனிதரைப் பற்றியே நினைத்துக்கொண்டு வந்தேன். கேமராவைப் பார்த்தவர், அப்படியென்றால் தான் செய்வது என்னவென்று அவருக்குத் தெரியும். தெரிந்தால் நிறுத்தியிருக்கலாம். அது சரிதான். ஆனால் ஏன் செய்தேன் என்று தெரியவில்லை என்று அழுதாரே, அதுவும் உண்மையாக இருக்கலாம். ஏன் என்று நமக்கு எத்தனை விஷயத்தில் தெரிகிறது? என் கோபத்துக்கு எனக்குக் காரணம் தெரிந்தது. ஆனால் அது முழுக் காரணம் இல்லை, மாத்திரையும் இருந்தது. அவருக்குக் காரணமே கிடைக்கவில்லை. அவரைத் திரும்ப வேலைக்குச் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்க வேண்டுமா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்து செய்தவருக்கும் தெரியாமல் செய்தவளுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அது கடைக்காரர் நினைத்த அளவுக்கு நேர்க்கோடு இல்லை, அவ்வளவுதான்.

இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் நரம்பு மண்டலம் நடத்தும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். எல்லோரையும் கையை மேசைமேல் வைக்கச் சொன்னேன். "உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப ஒரு விரலைத் தூக்குங்க. ஆனா தூக்கணும்னு முடிவு பண்ற அந்த நொடியைக் கவனிங்க. அது எப்ப வருதுன்னு சொல்லுங்க."

முதலில் சிரிப்பு. பிறகு வகுப்பு அடங்கியது. மின்விசிறிச் சத்தமும் ஜிஎஸ்டி சாலையில் ஹாரன் சத்தமும் மட்டும் கேட்டன. எல்லோரும் தங்கள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது வேறு யாருடையதோ என்பது போல.

கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "மிஸ், விரல் தூக்கினப்புறம்தான் தூக்கணும்னு நெனச்ச மாதிரி இருக்கு."

"எனக்கு நெனச்சதும் தூக்கினதும் ஒண்ணா இருந்துச்சு," என்றான் ஒருவன்.

"மிஸ், நான் தூக்கக் கூடாதுன்னு நெனச்சேன். தூக்கல. அது மட்டும் நான்தான் பண்ணேன், நல்லாத் தெரியுது," என்றாள் இன்னொருத்தி.

அவளைப் பார்த்தேன். அதை இதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. நானே யோசித்ததுமில்லை. "எங்க, மறுபடியும் பண்ணு," என்றேன். அவளுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்து, நானும் என் கையை மேசைமேல் வைத்தேன்.